காலிச் சிலிண்டரின் சத்தம்

என் அண்ணனுக்கு எடை சொல்லத் தெரியும். தராசு வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும். எல்லாம் சிலிண்டர் கணக்குதான். எனக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏய், ரெகுலேட்டர் கனம்கூட இல்லியே!" என்றார். பக்கத்தில் நின்ற என் மாமியாரைப் பார்த்து, "இது ரெண்டு சிலிண்டர். ரெண்டும் ஃபுல்லு" என்று அந்தம்மா காதில் விழும்படியே சொன்னார். அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர். பத்தொன்பது வயதில் கேஸ் கிடங்குக்குச் சிலிண்டர் ஏற்றி இறக்குகிறவராகப் போனார், அங்கேயே வீடுகளுக்குச் சிலிண்டர் போடுகிறவர் ஆனார், முப்பத்திரண்டு வருஷம் அதே வேலை. வலது தோளில் ஒரு காய்ப்பு உண்டு. நான் தையல்காரி. அவருக்குச் சட்டை தைக்கும்போது அந்தத் தோளுக்கு மட்டும் அரை அங்குலம் கூட விட்டுத் தைப்பேன். அண்ணி சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. அன்றிலிருந்து மூன்று வேளையும் என் வீட்டில்தான் சாப்பாடு. உப்பு இல்லை, உறைப்பு இல்லை என்று தினம் ஒரு குறை சொல்லிவிட்டுத் தட்டை வழித்து வைப்பார்.

எங்கள் சந்து முட்டுச்சந்து. முப்பத்தெட்டு வீடு, கடைசியில் ஒரு உயரமான மதில், அதற்கு அந்தப் பக்கம் ரயில்வே யார்டு. லாரி உள்ளே வராது. அண்ணன் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். இறக்கிய சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்து, கைக்கு ஒன்றாக, அடி வளையத்தின் மேலேயே இரண்டையும் உருட்டிக்கொண்டு போவார். பெல் அடிக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. காலிச் சிலிண்டர் மேல் ஸ்பேனரால் தட்டுவார். டங் டங். கொஞ்சம் விட்டு, டங். காலியாக இருந்தால்தான் அப்படி மணி போலக் கேட்கும். நிறைந்ததில் தட்டினால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். எந்த வீட்டுச் சிலிண்டரையும் ஒரே ஒரு தட்டுத் தட்டி, இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லிவிடுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் டங்டங் மாமா. பெரியவர்களும் "டங்டங் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

சந்தின் முன்பாதியில் இருபத்தாறு வீடும் எங்கள் ஆட்கள். பின்பாதியில், மதில் வரைக்கும், பன்னிரண்டு வீடு அவர்கள் ஆட்கள். கும்பிடுவது வேறு, பெண் கொடுத்து எடுப்பது கிடையாது. மற்றபடி தண்ணீர் வராத குழாய்க்கு முன்னால் எல்லாரும் ஒரே மாதிரிதான் சண்டை போடுவோம்.

கடைசி வீட்டில் கண்ணாடிக்காரர் இருந்தார். முன்னறையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி தேய்த்துக் கொடுப்பார். ஒரு சமயம் அண்ணன் அவரிடம் போய், "சிலிண்டர்ல தேதியைப் படிக்கத்தான் கண்ணாடி. ஃபிரேம் எதுவா இருந்தா என்ன, என் மூஞ்சிக்கு அது போதும்" என்றாராம். அவர் பெண்கள் போடும் நீல ஃபிரேம் ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டார். ஒரு மாதம் சந்தே சிரித்தது. அண்ணன் அதைக் கழற்றவில்லை. கண்ணாடிக்காரரின் மனைவியை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவள் மாமியார் படுத்த படுக்கை.

இந்த நிலையில்தான் பேருந்து நிலையத்தில் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் ஒரு தகராறு. எங்கள் ஆள் ஒருவன் கத்திக்குத்து வாங்கிச் செத்தான். செத்தவன் யாரென்று எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் எல்லார் போனிலும் அவன் படம் இருந்தது. மறுநாள் விடிந்ததும் மார்க்கெட் பக்கம் அவர்கள் வீடுகள் எரிய ஆரம்பித்தன. எரித்த விதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கதவை உடைத்து உள்ளே போய், அடுப்படிச் சிலிண்டரைத் திறந்துவிட்டு வெளியே வந்து தீயை எறிந்தார்கள். வீட்டுக்குள் ஆள் இருந்தால் அவர்களையும் சேர்த்துத்தான்.

அண்ணன் அன்று காலையிலேயே பின்பாதிக்குப் போய்ப் பன்னிரண்டு வீட்டிலும் சொன்னார்.

"யார் கூப்பிட்டாலும் திறக்காதீங்க. போலீஸ்னு சொன்னாலும் திறக்காதீங்க. பாலோ மருந்தோ, எது வேணும்னாலும் நான் கொண்டாந்து தரேன். நான் தட்டுனா மட்டும் திறங்க."

அண்ணன் செய்த தப்பு இதுதான். முப்பத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் கதவு திறந்து பழகியவர்களிடம் வேறு என்ன அடையாளம் சொல்வார்? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கிடங்கில் வேலைநிறுத்தம் நடந்து ஒன்றரை மாதமாக லாரி வரவில்லை. வண்டியில் மிச்சம் இருந்த ஒரே நிறைந்த சிலிண்டரைப் படுக்கையில் கிடக்கும் கிழவிக்குக் கஞ்சி வைக்க வேண்டுமே என்று கண்ணாடிக்காரர் வீட்டில் போட்டுவிட்டு வந்தார். "நான் ஒரு வாரமா கேக்கறேன், கூடப்பிறந்தவளுக்கு இல்லியா?" என்று சண்டைக்குப் போனேன். "நீ கத்துற சூட்டுக்குச் சோறு தானா வெந்துடும், போ" என்றார்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

மெயின் ரோட்டில் டயர்க்கடை வைத்திருந்தவன் எங்கள் ஆள்தான். மார்க்கெட்டில் எரிந்த டயரெல்லாம் அவன் கடையிலிருந்து போனது என்று பேசிக்கொண்டார்கள். அவன் மனைவி என்னிடம் துணி தைக்கக் கொடுப்பவள். அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

"பாப்பா யூனிஃபார்ம் தச்சாச்சா?"

"ஊரே பத்தி எரியுது, உனக்கு யூனிஃபார்ம் கேக்குதாக்கும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

"பின்னாடி வீட்டுக்காரங்கல்லாம் என்ன பண்றாங்க, பாவம்? பால் தண்ணிக்கு என்ன செய்றாங்க?"

"எங்கண்ணன் இருக்கறப்ப அவங்களுக்கு என்ன குறை? அவரு டங்டங்னு தட்டுனா மட்டும்தான் திறக்கறாங்க. சாமியே வந்து தட்டுனாலும் திறக்க மாட்டாங்க, பாத்துக்கோ."

பெருமை எனக்கு. என் அண்ணன் சாமிக்கு ஒரு படி மேலே என்று பெருமை. அந்த வாய்க்கொழுப்பை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று தோன்றுகிறது. அவள் தெரிந்து கேட்டாளா, சும்மா கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அண்ணன் பால் பாக்கெட் தேடிக்கொண்டு வண்டியோடு சந்து முனைக்குப் போனார். அங்கே டயர்க்கடைக்காரனும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லையாம். இரும்புக் கம்பியால் மண்டையில் ஒன்று, விலாவில் நான்கைந்து. கீழே விழுந்தவரை மிதித்துவிட்டு வண்டியையும், அதிலிருந்த இரண்டு காலிச் சிலிண்டரையும், ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டே என் வீடு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க ரத்தம். லைனிங் துணியைக் கிழித்துத் தலையில் கட்டினேன்.

"ஒண்ணுமே கேக்கலடி" என்றார். "எந்த வீடு, எத்தனை பேருன்னு கேப்பானுங்கன்னு பாத்தேன். எதுவும் கேக்கல. எதுக்கு அடிச்சானுங்கன்னே புரியல."

அப்போது சத்தம் கேட்டது.

டங் டங். கொஞ்சம் விட்டு, டங்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவர் தலைக்கட்டின் முடிச்சைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"நான் இங்கதானே இருக்கேன்" என்றார்.

அடுத்த நொடி என்னைத் தள்ளிவிட்டு ஓடினார். விலா உடைந்தவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "திறக்காதீங்க! நான் இல்ல! திறக்காதீங்க, நான் இல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடினார். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முன்பாதி வீடுகளின் ஜன்னல்களில் எங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள். வண்டியை உருட்டிக்கொண்டு டயர்க்கடைக்காரன் கும்பல் சந்துக்குள் வந்ததை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை.

கடைசி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பால் வாங்கப் பாத்திரத்தோடு வந்திருக்கிறார் கண்ணாடிக்காரர். முதல் வெட்டு கழுத்தில். விழுந்த பிறகும் விடவில்லை. நான் போனபோது ஒருவன் அவர் முதுகில் காலை ஊன்றி, மாட்டிக்கொண்ட அரிவாளை இழுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் முன்னறையில் புகுந்து கண்ணாடிப் பெட்டிகளைக் கொட்டி நசுக்கினான். அக்கா ஒரு கையால் வீட்டுக்காரரின் காலைப் பிடித்து உள்ளே இழுக்கிறாள், மறு கையால் கதவைச் சாத்தப் பார்க்கிறாள். அண்ணன் நேராகப் போய் அரிவாள்காரன் மேல் விழுந்தார். அவரை உதறி எறிந்தார்கள். நான் கத்தரிக்கோலால் ஒருவன் தோளில் குத்தினேன். அவன் திரும்பி என் முகத்தில் விட்ட குத்தில் இரண்டு பல் போனது. மற்றப் பதினொரு கதவையும் உதைத்துப் பார்த்தார்கள். அண்ணன் போட்ட கூச்சலில் ஒன்றும் திறக்கவில்லை.

மெயின் ரோட்டில் ஏதோ சைரன் கேட்டதும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். டயர்க்கடைக்காரன் சந்தின் நடுவில் நின்று, எங்கள் ஜன்னல்களைப் பார்த்துச் சொன்னான். "நாளைக்கு மூணு மணிக்கு மொத்தமா வரோம். மிச்சம் அத்தனை வீடும். நம்மாளுங்க யாரும் குறுக்க வராதீங்க, அவ்வளவுதான்."

அண்ணன்தான் கண்ணாடிக்காரரைத் தூக்கி உள்ளே கிடத்தினார். தூக்கிய பொருளுக்கு எடை சொல்லாமல் அவர் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். வெளியே வந்து என்னைப் பார்த்து, "என் சத்தத்துக்குத்தானே திறந்தாரு" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன் விஷயத்தைச் சொல்லவில்லை.

பின்பாதியில் இன்னும் ஐம்பத்திரண்டு உயிர் இருந்தது. மெயின் ரோடெங்கும் டயர்க்கடைக்காரன் ஆட்கள் திரிந்தார்கள். மதில் ஏறிப் போகலாம் என்றால் பாதிப் பேர் கிழடு, குழந்தை, நிறைமாதக்காரி. ஏற முடிந்தவர்களும் யார்டுக்குள் குதித்தால் அங்கே வேறொரு கும்பல் நின்றது. போலீஸுக்குப் போன் போட்டேன். "ஆள் பத்தலம்மா. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருங்க" என்றான். "உள்ள இருந்தவரைத்தான்டா வெட்டிட்டுப் போயிருக்கானுங்க!" என்று கத்தினேன். வைத்துவிட்டான்.

மறுநாள் காலை அண்ணன் முன்பாதி வீடுகளுக்குப் போனார். ஸ்பேனர் இல்லை, உள்ளங்கையால் கதவைத் தட்டினார். முதல் வீடு ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டருடையது. கதவைத் திறந்தவர் அண்ணனின் தலைக்கட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஜன்னல்ல நின்னீங்கல்ல?"

"நின்னேன்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே."

"பயந்துட்டேன்பா."

"எனக்கும் பயம்தான். உங்க சிலிண்டரைக் கழட்டி எடுத்துட்டு வாங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அண்ணனின் யோசனை சாதாரணமானது. அடுப்படியில் சிலிண்டர் இல்லாவிட்டால் வீட்டை அவ்வளவு சுலபமாக வெடிக்க வைக்க முடியாது. எல்லாவற்றையும் மதிலோரம் கொண்டுபோய் அடுக்கிவிடலாம் என்று நினைத்தார். கண்டக்டர் தன்னுடையதை உருட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அடுத்த வீட்டிலும் கதவு திறந்தது. மத்தியானத்துக்குள் முப்பத்தேழு சிலிண்டர் சந்தில் நின்றன, இரண்டு பாதியிலிருந்தும்.

கடைசியாக அக்கா வந்தாள். புடவைக் கீழ்ப்பாகம் காய்ந்த ரத்தத்தில் விறைத்துப் போயிருந்தது. அவள் அழுது நான் பார்க்கவில்லை.

"எங்க கொண்டு போறீங்க தம்பி?"

"மதிலோரம்க்கா. அவனுங்க கையில சிக்கக்கூடாதுல்ல."

"அவனுங்களுக்குத்தான் நெருப்புன்னா இஷ்டமாச்சே. முனையில வைங்க. நெருப்போடயே வரட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். அண்ணன் சந்தில் நின்றவற்றை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "முப்பத்தேழும் காலிடி. அக்காவோடது ஒண்ணுதான் ஃபுல்லு" என்றார். மற்றவர்களுக்கு அது தெரியாது. ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுச் சிலிண்டர் காலி என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரனுடையது நிறைந்தது என்று நம்பிக்கொண்டு, வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் நின்றார்கள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

சந்து முனையில் சுவரிலிருந்து சுவர் வரை மூன்று வரிசை. கண்டக்டர் பழைய பழக்கத்தில், "தள்ளி நில்லு, தள்ளி நில்லு, இடம் இருக்கு பாரு" என்று ஆட்களை நிறுத்தினார். எழுபது பேருக்கு மேல் இருப்போம். ஒவ்வொரு சிலிண்டரிலும் மாட்டிய ரெகுலேட்டரின் திருகில் ஒரு கை. நடுவில் அக்காவுடைய நிறைந்த சிலிண்டர், அதைப் பிடித்தபடி அண்ணன். அவருக்கு வலப்பக்கம் நான், என் காலிச் சிலிண்டரோடு. எனக்கு அந்தப் பக்கம், தோள் உரசும்படி, அக்கா.

சொன்னபடி மூன்று மணிக்கு வந்தார்கள். அறுபது எழுபது பேர். டயர் மாலை மாலையாகத் தோளில், பாட்டிலில் பெட்ரோல், நாலைந்து பேர் கையில் பந்தம் எரிந்தது. டயர்க்கடைக்காரன் முன்னால் வந்தான். அவன் கையில் அண்ணனுடைய ஸ்பேனர்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. திருகைத் திருகினார். 'ஸ்ஸ்' என்று கிளம்பியது. காற்று எதிர்ப்பக்கம் வீசியது. நாற்றம் போய் அவர்கள் மூக்கில் ஏறியதும் முன்வரிசை அப்படியே நின்றது. பந்தம் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பின்னால் ஓடி, பந்தத்தை ரோட்டில் போட்டு மிதித்தார்கள். அண்ணன் திருகை மூடினார்.

"இதுபோல முப்பத்தெட்டு இருக்கு" என்றார். "வா."

டயர்க்கடைக்காரன் முட்டாள் இல்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அவன் கண் அக்காவிடம் வந்து நின்றது. பிறகு என்னிடம் வந்தது. எனக்கு வரப்போவது தெரிந்துவிட்டது.

"ஏம்மா," என்றான் அக்காவைப் பார்த்து, சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி. "யார் பக்கத்துல நிக்கறேன்னு தெரியுமா? டங்டங்னு தட்டுனா திறப்பாங்கன்னு எங்களுக்குச் சொன்னதே இவதான். என் பொண்டாட்டிகிட்ட போன்ல சொன்னா. கேட்டுப் பாரு. உன் புருஷனைக் கொன்னவ இவ."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பொய் என்று சொல் என்று அவர் கண் கெஞ்சியது. என்னால் முடியவில்லை. என் கை தானாகத் திருகிலிருந்து நழுவியது. பின்வரிசையில் யாரோ, "அடிப்பாவி" என்றார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவனைப் பார்த்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். இப்பக் கையை எடுக்காதே."

நான் கையை மறுபடி வைத்தேன்.

அதன் பிறகு கல் வந்தது. செங்கல், பாட்டில், இரும்புத் துண்டு. கண்டக்டருக்கு நெற்றி பிளந்தது. பின்பாதி வீட்டுப் பெண் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சிலிண்டரை எங்கள் ஆள் ஒருவர் எட்டிப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் தலைக்கட்டு மறுபடி சிவந்தது. ஒருவரும் நகரவில்லை. நகர்ந்தால் சிலிண்டர் சாய்ந்து உருளும், காலி என்று குட்டு வெளிப்பட்டுவிடும்.

டயர்க்கடைக்காரன் கையைத் தூக்கிக் கல்லை நிறுத்தினான். யோசனை செய்கிற முகம்.

"டேய், ஒன்றரை மாசமா லாரியே வரலியேடா" என்றான் தன் ஆட்களிடம். "இதுல ஒண்ணுலதான் சரக்கு. மத்ததெல்லாம் காலி. தட்டிப் பாத்தா தெரிஞ்சுடும்."

முதல் நாள் அந்தக் காலிச் சிலிண்டரைத் தட்டித் தட்டிப் பழகியவன்தானே. நேராக என்னிடம் வந்தான். ஸ்பேனரை ஓங்கினான். என் சிலிண்டர் மணி போலக் கேட்கும். ஒரு தட்டு போதும், ஐம்பத்திரண்டு பேரும் எரிந்துபோவார்கள்.

அண்ணன் குறுக்கே சாய்ந்து தன் வலது கையை என் சிலிண்டரின் தோளில் வைத்தார்.

ஸ்பேனர் அந்தக் கை மேல் இறங்கியது. டங் என்று கேட்கவில்லை. எலும்பு நொறுங்கிய சத்தம் மட்டும்தான். அண்ணன் அலறினார். கை அங்கேயே இருந்தது. "கையை எடுடா!" என்று அவன் மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. மூன்றாவது அடியில் ரத்தம் என் முகத்தில் தெறித்தது. விரல்கள் எது எது என்று தெரியவில்லை. அண்ணன் அழுதுகொண்டே, அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, கையை வைத்துக்கொண்டிருந்தார்.

நாலாவது முறை ஓங்கியபோது அக்கா நகர்ந்தாள். அண்ணனின் இடத்துக்கு வந்து, நிறைந்த சிலிண்டரின் திருகை முழுக்கத் திறந்துவிட்டாள். இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். ஒரு குச்சியை எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். கேஸ் அவள் புடவையை ஆட்டிக்கொண்டு அவன் முகத்தில் அடித்தது.

"அடி" என்றாள். "இன்னொரு அடி அடி. நான் உரசறேன்."

அவன் அவள் கையைப் பார்த்தான். அது நடுங்கவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அங்கே என்ன கண்டானோ, ஸ்பேனர் அவன் கையிலிருந்து விழுந்தது. பின்னால் நடந்தான், திரும்பினான், ஓடினான். அவன் ஓடியதும் மற்றவர்கள் டயரை உதறிவிட்டு ஓடினார்கள். ரோடெல்லாம் செருப்பு கிடந்தது.

கண்டக்டர்தான் பாய்ந்து திருகை மூடினார். தீப்பெட்டியை அக்காவின் கையிலிருந்து எடுக்க அவர் விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு ராணுவ லாரி வந்தது.

பதினெட்டு நாள் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன்.

"அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன்ல" என்றாள். ஓங்கி ஓர் அறை. காது அடைத்துப் போனது. இன்னொன்றும் விழும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். விழவில்லை. துணி கொடுக்க வருபவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"உன்னை மன்னிக்க எனக்கு வராது. வரும்னு காத்துக்கிட்டு இருக்காத."

"சரிக்கா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அன்னிக்கு நெஜமாவே உரசியிருப்பியாக்கா?"

"தெரியலடி" என்றாள். பிறகு எழுந்தாள். "லாரி வந்தாச்சாமே. சிலிண்டர் தீந்துபோச்சு. உங்கண்ணனை வரச்சொல்லு."

அண்ணனின் வலது கையில் மூன்று விரல் செத்துவிட்டது. அதனால் காலை வேளையில் வண்டியை நான் தள்ளுகிறேன். அந்தப் போன் விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பாட்டில் குறை சொல்வதையும் நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பெரிய தண்டனை. கண்டக்டர் எடுத்து வைத்திருந்து கொடுத்த ஸ்பேனர் வண்டியின் மூலையில் கிடந்தது, தொடமாட்டார். வீட்டு வாசலில் நின்று, "கேஸ்" என்று வாயால் கூப்பிடுவார். அந்தக் குரல் அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காது.

அக்கா கேட்ட சிலிண்டரோடு போய், கடைசி வீட்டு வாசலிலும் அப்படித்தான் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது.

"அக்கா, கேஸ்."

மறுபடி கூப்பிட்டார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"நான்தான்க்கா."

"நான்தான்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். தட்டுங்க தம்பி."

அண்ணன் வண்டி மூலையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, அதை என்னிடம் நீட்டினார்.

"உனக்குத்தான் அந்தத் தட்டு தெரியுமே" என்றார். குரலில் கோபம் இல்லை. "நீ தட்டு."

வண்டியிலிருந்த காலிச் சிலிண்டரை வாசலுக்கு உருட்டினேன். டங் டங். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். கொஞ்சம் விட்டு, டங்.

உள்ளே காலடி வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் கேட்டது.